ஒப்புக்குச் சப்பாணி

எங்கள் தெருவில் கபடிக்கு ஆள் பிரித்து முடித்ததும் கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சி நிற்கும். வயது பற்றாது, ஓட வராது, அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். விரட்டினால் அழும், அழுதால் அண்ணனுக்கு வீட்டில் அடி விழும். அதனால் ஏதாவது ஒரு பக்கத்தில் அதையும் நிறுத்திக்கொள்வார்கள். அது பாடிப் போகலாம், தொடலாம், காலைப் பிடிக்கலாம். எதுவும் கணக்கில் வராது. அதற்குப் பெயர் ஒப்புக்குச் சப்பாணி. கால் முடியாதவர்களைக் கேலி செய்யும் சொல், இன்று யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாத சொல். ஆனாலும் கூட்டத்துக்குள் நின்றுகொண்டே கூட்டத்தில் இல்லாமல் போகும் அந்த நிலைக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கோடை விடுமுறை முழுக்க அந்தப் பிள்ளையாக நின்றவன் நான்.

அதெல்லாம் மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஏற்காட்டில் படகு, ஏற்காட்டில் மிளகாய் பஜ்ஜி, வேனுக்கு முன்னால் தோள்மேல் கைபோட்டு எல்லோரும். குழுவில் ஒன்பது பேர், படத்தில் எட்டுப் பேர். விரலால் பெரிதாக்கி இரண்டு தடவை எண்ணினேன். பிறகு ஒருவனுக்கு போன் போட்டேன். "டேய், உனக்கு யாரும் சொல்லலையா? அவன் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்டா" என்றான். அந்த அவனைக் கேட்டால், இவன் சொல்லியிருப்பான் என்று நினைத்தானாம். யாருக்கும் என்மேல் கோபமில்லை, மனத்தாங்கல் இல்லை. வேன் கிளம்பும்போது ஆள் குறைகிறதே என்று எட்டுப் பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாற்பது வயது தாண்டியவனுக்கு இது எவ்வளவு சின்ன விஷயம்! அது ஏன் அப்படி வலித்தது என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பலவும் என்னை ஆறுதல்படுத்தின, ஒன்று மட்டும் வெட்கப்பட வைத்தது.

இந்த வலியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ். ஒரு நாள் அவர் தன் நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஃபிரிஸ்பி தட்டு ஒன்று வந்து அவர்மேல் பட்டது. எடுத்து அதன் சொந்தக்காரர்களிடம் வீசினார். முன்பின் தெரியாத இரண்டு பேர். அவர்கள் திருப்பி அவருக்கே வீசினார்கள். எழுந்து போய் மூன்றாவது ஆளாக ஆடத் தொடங்கினார். சில நிமிடம் கழித்து, ஒரு வார்த்தை சொல்லாமல், அவர்கள் இருவரும் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தட்டு அவர் பக்கம் வரவேயில்லை. பெயர்கூடத் தெரியாத இரண்டு பேர் விட்டுவிட்டதற்கு மனம் இப்படிக் கூசுகிறதே என்று அவருக்கே வியப்பு. அந்த வியப்பிலிருந்து பிறந்ததுதான் சைபர்பால் என்ற கணினி விளையாட்டு.

விளையாட்டு மிக எளியது. திரையில் மூன்று உருவங்கள், ஒரு பந்து. ஓர் உருவம் நீங்கள், மற்ற இரண்டும் வேறெங்கோ உட்கார்ந்து ஆடும் இரண்டு பேர் என்று சொல்வார்கள். உண்மையில் அவற்றை இயக்குவது கணினி நிரல். தொடக்கத்தில் ஓரிரு முறை பந்து உங்களிடம் வரும், அப்புறம் வராது. 2000-ஆம் ஆண்டு வெளியான முதல் ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,500 பேர் இணையம் வழியாக இதை ஆடினார்கள். பந்து வராத சில நிமிடங்களிலேயே நான்கு விஷயங்கள் சரிவதை வில்லியம்ஸ் தொடர்ந்து பதிவு செய்தார். நாம் இவர்களில் ஒருவர் என்ற உணர்வு, நமக்கும் மதிப்பு உண்டு என்ற எண்ணம், நடப்பது கொஞ்சமாவது நம் கையில் இருக்கிறது என்ற பிடிப்பு, நாம் இருப்பதற்கு ஏதோ பொருள் உண்டு என்ற நம்பிக்கை. ஒருவரோடு சண்டை வந்தால்கூட முதல் மூன்றுதான் ஆடும். நான்காவது விழுவது நம்மைக் கண்டுகொள்ளாதபோதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை போடுகிறவருக்கு நாம் இருக்கிறோம். டூ விட்ட பிள்ளை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பிக்கொள்வதற்காவது நம்மைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்து வந்த சோதனைகள் இன்னும் விசித்திரமானவை. 2004-இல் ஆடுகிறவர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்: எதிரே இருப்பது மனிதரல்ல, வெறும் கணினி. அப்படியும் பந்து வராதபோது மனம் சுருங்கியது. 2007-இல் நடந்த ஆய்வில், கூட ஆடுகிறவர்கள் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சொன்னார்கள். வீட்டு வாசலில்கூட நிறுத்த மாட்டாத ஆட்கள் பந்தைக் கொடுக்கவில்லை என்றாலும் வலித்தது.

இதிலிருந்து வில்லியம்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். கண்டுகொள்ளப்படாததின் முதல் அடி, யார், எதற்கு, வேண்டுமென்றா மறந்தா என்று எதையும் விசாரிப்பதில்லை. கொதிக்கும் பாத்திரத்தில் பட்ட கை தன்னால் பின்வாங்குவதைப் போன்றது அது. விசாரணை இரண்டாவது கட்டத்தில்தான் வருகிறது. ஏன் நடந்தது, இதற்கு என்ன பொருள் என்று மனம் அலசுகிறது. ஒருவர் சீக்கிரம் தேறுவதும் நாள்கணக்கில் புழுங்குவதும் அந்த அலசலைப் பொறுத்தது. வருடக்கணக்கில் இதே நிலை நீடித்தால் மூன்றாவது கட்டம்: ஓய்ந்துபோவது. நான் எதற்கும் உதவாதவன் என்று நம்பிவிடுவது. அந்த மூன்றாவது கட்டத்தில் இருப்பவருக்கு ஒரு கட்டுரையைப் படிப்பது மட்டும் போதாது. மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இதற்கென்றே, கட்டணமில்லாமல், இயங்குகிறது. கூப்பிடத் தயங்க வேண்டாம்.

ஏற்காட்டுப் படத்தைப் பார்த்து நெஞ்சு அடைத்த அந்த முதல் நிமிடத்துக்காக நான் என்னையே திட்டிக்கொண்டேன், 'இதுக்கெல்லாமா?' என்று. அந்தத் திட்டு தேவையில்லாதது என்று இப்போது தெரிகிறது. அது உடம்பின் வேலை.

உடம்பின் வேலை என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 2003-இல் நவோமி ஐசன்பர்கர், மேத்யூ லீபர்மன், வில்லியம்ஸ் மூவரும் 13 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து சைபர்பால் ஆடச் செய்தார்கள். பந்து வராதபோது மூளையில் உடல்வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. 'மனக்காயமும் உடற்காயமும் மூளைக்கு ஒன்றே' என்று உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதிவிட்டன. இன்றும் எழுதிக்கொண்டிருக்கின்றன. அது அவசரத் தீர்ப்பு. அந்தப் பகுதி வலிக்கு மட்டும் உரியதல்ல, கவனம், முரண்பாடு என்று வேறு பல வேலைகளிலும் இயங்குகிறது. 2014-இல் இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள், ஒரே பகுதியிலேயே உடல்வலியின் கோலமும் நிராகரிப்பின் கோலமும் வேறு வேறாக இருப்பதைக் காட்டினார்கள். ஒரு தெருவில் இரண்டு வீடு இருப்பதால் இரண்டும் ஒரே குடும்பம் ஆகிவிடாது. வலி உண்மை என்று நிரூபிக்க ஸ்கேன் படம் தேவையும் இல்லை. வலிக்கிறவருக்கு அது தெரியும்.

இந்த வலி எதற்காக நமக்கு வைக்கப்பட்டிருக்கிறது? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் மார்க் லியரியுடையது. 1995-இல் அவரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த கருத்து இது: தன்மதிப்பு என்று நாம் சொல்வது உண்மையில் ஓர் அளவுமானி. மற்றவர்களுக்கு நாம் எவ்வளவு வேண்டியவர்களாக இருக்கிறோம் என்பதை அது ஓயாமல் அளந்து காட்டுகிறது. மனித இனம் கூட்டமாக வாழ்ந்தே பிழைத்தது. கூட்டத்திலிருந்து நழுவியவர் இரையாகியோ பட்டினி கிடந்தோ மடிந்தார். ஆகவே நழுவத் தொடங்கும்போதே எச்சரிக்கும் ஒரு முள் உள்ளே வேண்டியிருந்தது. லியரியே இதற்குப் பெட்ரோல் முள்ளை உவமை சொல்கிறார். நம் பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முள் சிவப்பில் வந்து நின்றால் டாங்கில் பெட்ரோல் குறைவு என்றுதான் பொருள். வண்டியே மட்டமான வண்டி என்று யாராவது சொல்வோமா? ஆனால் நம் விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம். முள் இறங்கியதும் நம்மைப் பற்றியே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இந்த முள் எப்போதும் சரியாகக் காட்டுகிறதா? காட்டுவதில்லை, அதுவும் ஒரே பக்கமாகத் தவறுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு.

முதலாவது வெறும் கணக்கு. மதியம் ஒன்றாகச் சாப்பிடும் ஐந்து பெண்களை எடுத்துக்கொள்வோம். கலாவுக்கு மற்ற நால்வரும் நெருக்கம். மீனாவும் ராஜியும் தங்களுக்குள்ளும் நெருக்கம். சுபாவுக்கும் தேவிக்கும் கலா மட்டும்தான். ஆக கலாவுக்கு 4 தோழிகள், மீனாவுக்கு 2, ராஜிக்கு 2, சுபாவுக்கு 1, தேவிக்கு 1. சராசரி 2. இப்போது ஒவ்வொருவரும் தன் தோழிகளை நிமிர்ந்து பார்க்கட்டும். சுபா பார்ப்பது கலாவை, அவளுக்கு 4. தேவி பார்ப்பதும் அதேதான். மீனா பார்ப்பது கலாவையும் ராஜியையும், சராசரி 3. ராஜிக்கும் அப்படியே. ஐந்து பேரில் நால்வருக்கு, 'என் தோழிகளுக்கு என்னைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்' என்பது கண்ணால் கண்ட உண்மை. இதில் யாருடைய குறையும் இல்லை. அதிகம் பேரோடு பழகுகிறவர் அதிகம் பேருடைய பட்டியலில் இருப்பார் என்பதால் வரும் விளைவு இது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் இதை எழுதிக் காட்டினார். 2011-இல் ஃபேஸ்புக்கின் 72 கோடி கணக்குகளை வைத்துப் பார்த்தபோது ஒருவருக்குச் சராசரியாக 190 நண்பர்கள், அந்த நண்பர்களுக்கோ சராசரியாக 635. நூற்றுக்கு சுமார் 93 பேர் தங்கள் நண்பர்களின் சராசரியைவிடக் கீழே இருந்தார்கள். ராத்திரி படுக்கையில் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, 'எல்லோரும் யாரோடோ இருக்கிறார்கள், நான் மட்டும்தான்' என்று நினைக்கும் அந்த நிமிடத்தில், ஏறக்குறைய எல்லோருக்கும் அதே காட்சிதான் தெரிகிறது.

இரண்டாவது, நாம் மற்றவர்களின் மனத்தைப் படிக்கும் விதம். எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத இருவரைப் பேசவைத்து, அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று தனித்தனியே கேட்டார்கள். பொதுவாக இருவருமே, தங்களை மற்றவருக்குப் பிடித்ததைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடமும் இந்த இடைவெளி தெரிந்தது, பல மாதங்கள் நீடித்தது. பேசி முடித்ததும் நாம் நம் சொதப்பல்களை ஓட்டிப் பார்க்கிறோம். எதிராளியோ தன் சொதப்பல்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் எனக்கு உண்மையில் கண் திறந்தது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில். 1930-களில் ஜேக்கப் மொரீனோ என்பவர், யாருக்கு யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று கேட்டு, விடைகளைக் கோடுகளாக வரைந்து காட்டினார். எந்தக் கோடும் வந்து சேராத புள்ளிகள் சில அந்தப் படங்களில் தனியே நின்றன. அரை நூற்றாண்டு கழித்து ஜான் கோயி, கென்னத் டாட்ஜ் ஆகியோர் அந்தப் புள்ளிகளை இன்னும் உற்றுப் பார்த்தார்கள். உனக்கு ரொம்பப் பிடித்தவர் யார் என்று மட்டும் கேட்காமல், பிடிக்காதவர் யார் என்றும் கேட்டார்கள். அப்போது, யாருக்கும் பிடிக்காத பிள்ளைகள் என்று ஒன்றாக எண்ணப்பட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினரை நிறையப் பேர் 'பிடிக்காது' என்று எழுதினார்கள். அவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள். இன்னொரு பகுதியினரின் பெயர் ஏறக்குறைய எந்தப் பட்டியலிலுமே இல்லை. பிடிக்கும் என்றும் இல்லை, பிடிக்காது என்றும் இல்லை. அவர்கள் கண்டுகொள்ளப்படாதவர்கள்.

இந்த இரண்டு வகைப் பிள்ளைகளின் கதையும் வேறு வேறாகப் போகிறது. ஒதுக்கப்பட்டவர்களில் பலர் வருடக்கணக்கில் அதே நிலையில் நீடித்தார்கள். கண்டுகொள்ளப்படாதவர்களின் நிலையோ சீக்கிரமே மாறிக்கொண்டிருந்தது. ஸ்டீவன் ஆஷர், வலேரி வீலர் இருவரும் 1985-இல் தனிமையுணர்வை அளந்தபோது, ஒதுக்கப்பட்ட பிள்ளைகள்தான் அதிகத் தனிமையில் இருந்தார்கள். கண்டுகொள்ளப்படாதவர்கள் மற்ற பிள்ளைகளிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. 1983-இல் கோயியும் ஜேனிஸ் கூப்பர்ஸ்மிட்டும் செய்த சோதனை இன்னும் அழகானது. சிறுவர்களைப் பள்ளிக்கு வெளியே, முன்பின் அறியாத பிள்ளைகளோடு ஆடவிட்டார்கள். வகுப்பில் ஒதுக்கப்பட்டவர்கள் அங்கேயும் சீக்கிரமே ஒதுக்கப்பட்டார்கள். வகுப்பில் இருக்கும் இடம் தெரியாதவர்களாக இருந்த பையன்களோ அந்தப் புதிய கூட்டத்தில் கலகலவென்று கலந்துவிட்டார்கள்.

என் இரண்டு கோடைகளை இதை வைத்துத்தான் திருப்பிப் பார்க்கிறேன். கபடிக் களத்தில் கணக்கில் வராத நான், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கணக்கில் வந்தேன். புதுப் புத்தகக் கட்டு வந்தால் நூலகர் எனக்காக ஒன்றை மேசைக்கு அடியில் எடுத்துவைப்பார். ஆள் ஒன்றுதான், இடம்தான் வேறு.

அதனால்தான் 'உன்னை நீயே நேசி, மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாதே' என்ற அறிவுரை எனக்குப் பாதி மருந்தாகவே படுகிறது. லியரி சொல்வது சரியென்றால், தன்மதிப்பு தனியாக அறைக்குள் உட்கார்ந்து தயாரிக்கிற பொருளல்ல. அதற்கு மனிதர்கள் வேண்டும். ஆனால் இன்ன எட்டுப் பேர்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஜெனிஃபர் க்ராக்கரின் ஆய்வுகள் காட்டுவதும் இதை ஒட்டியதே. தன் மதிப்பு முழுவதையும் ஒரே இடத்தில், குறிப்பாகப் பிறர் பாராட்டில், கட்டிப்போட்டவரின் மனம் அந்த இடத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே ஆடும். மதிப்பின் வேர் பல இடங்களில் இறங்கியிருக்க வேண்டும். தனக்கு முக்கியம் என்று தோன்றும் ஒன்றை, குடும்பமோ கைத்தொழிலோ பாட்டோ, ஏன் முக்கியம் என்று பத்து நிமிடம் எழுதிப் பார்ப்பதுகூட அடிபட்ட மனத்துக்குக் கொஞ்சம் நிலை கொடுக்கிறது என்பது 1988-இல் கிளாட் ஸ்டீல் தொடங்கிவைத்த ஆய்வு வரிசை. அதன் பலன் சிறியதுதான், எல்லா ஆய்விலும் ஒரே அளவில் வரவும் இல்லை. ஆனால் செலவில்லாதது.

அந்த வேர்கள் நெருங்கிய நட்பாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. கனடாவின் வான்கூவரில் காப்பிக்கடைக்கு வந்தவர்களில் சிலரைக் கடைக்காரரோடு சிரித்து இரண்டு வார்த்தை பேசும்படியும், சிலரைச் சட்டென்று வாங்கிக்கொண்டு கிளம்பும்படியும் சொன்னார்கள் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும். பேசியவர்கள், நாமும் இங்கே ஓர் ஆள் என்ற உணர்வோடு வெளியே வந்தார்கள். நான் தினமும் போகும் டீக்கடைக்காரர், நான் சாலையைக் கடக்கும்போதே சர்க்கரை இல்லாத டீயை ஆற்றத் தொடங்கிவிடுவார். அவருக்கு என் பெயர் தெரியாது. ஏற்காட்டுக்குப் பிந்தைய திங்கட்கிழமை காலை அந்த கிளாஸ் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

வெட்கப்பட வைத்தது ஒன்று உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். கோயியின் இரண்டு பட்டியல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த இரவு, எங்கள் குழுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராக அந்தப் பட்டியல்களில் பொருத்திப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது: விடுதியில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் படம் பார்த்தவர்கள் நாங்கள் ஒன்பது பேரல்ல. பத்துப் பேர். வாட்ஸ்ஆப் குழுவைத் தொடங்கியபோது அவனுடைய புது எண் யாரிடமும் இல்லை. யாராவது சேர்த்துவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான் நினைத்தேன். ஏழு வருடமாக அவன் இல்லாமல் அந்தக் குழுவில் பொங்கல் வாழ்த்து சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு முந்தைய இரவு எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாசித்துக் காட்டியவன் அவன். அவனைப் பற்றி என் மனத்தில் ஒரு துளி குறையும் கிடையாது. அவனை மறந்ததற்கும் நான் அவனை மதிப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எட்டுப் பேர் என்னை விட்டுப் போனதைப் பற்றி எந்த ஆய்வாளர் சொன்னதையும்விட இதுதான் எனக்கு முழுசாகப் புரியவைத்தது.

எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. கூப்பிடத் தயக்கமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று நினைப்பானோ? பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட 13 சோதனைகளில், கிட்டத்தட்ட 6,000 பேரிடம், சோதித்துப் பார்த்தது இந்தத் தயக்கத்தைத்தான். திடீரென்று வரும் ஒரு விசாரிப்பு எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை, விசாரிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் குறைத்தே கணித்தார்கள். எதிர்பாராமல் வந்தது என்பதாலேயே அந்தச் சந்தோஷம் கூடுதலாக இருந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். நாற்பது நிமிடம் பேசினோம்.

உங்கள் போனிலும் அப்படி ஓர் எண் இருக்கும், அல்லது இருக்க வேண்டிய ஓர் எண் இல்லாமல் இருக்கும். தேடி எடுத்து இன்று சாயங்காலமே கூப்பிடுங்கள்.